கடைசி பெஞ்ச் இல்லாத வகுப்பறை

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இதை நான் எழுத மாட்டேன்மா" என்றாள்.

சமையலறை மேசையில் அவள் முன்னால் விரிந்திருந்தது மெக்கஃபியின் மூன்றாம் ரீடர். 1879ஆம் ஆண்டுத் திருத்திய பதிப்பின் மறு அச்சு. அன்றைய பாடம் ஒரு சின்னக் கவிதை. ஜான், நெல், ஃபேன் என்று மூன்று பிள்ளைகள். ஒவ்வொருவராக வந்து, அம்மா, உன்மேல் எனக்கு அவ்வளவு அன்பு என்கிறார்கள். சொன்ன கையோடு ஜான் தொப்பியை மாட்டிக்கொண்டு தோட்டத்து ஊஞ்சலுக்கு ஓடிவிடுகிறான். அவன் கொண்டுவர வேண்டிய தண்ணீரையும் விறகையும் அம்மா சுமக்கிறாள். நெல் அரைநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நச்சரிக்கிறாள். ஃபேன் மட்டும் கைக்குழந்தையைத் தூங்கப் போடுகிறாள், துடைப்பத்தை எடுத்து வீட்டைப் பெருக்குகிறாள். இரவில் மூவரும் மறுபடி அதே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் படுக்கப் போகிறார்கள். யாருடைய அன்பு பெரிது என்பதை அம்மா எப்படிக் கண்டுபிடித்திருப்பாள் என்ற கேள்வியோடு கவிதை முடிகிறது.

பெயர்களைப் பார்த்து முதலில் சிரித்தாள். ஒருத்தி நெல், ஒருத்தி விசிறி. ஃபேன் பெருக்குகிற பத்தியை நல்ல கையெழுத்தில் பார்த்து எழுதச் சொன்னேன். அப்போதுதான் பென்சில் கீழே போனது.

"அந்த அம்மா ஏன் ஜானைத் திரும்பக் கூப்பிடலை?"

"உன்னை நான் பெருக்கவா சொன்னேன்? எழுதத்தானே சொன்னேன். அர்த்தத்தை விடு, எழுத்தைப் பார்" என்றேன்.

சொன்ன வார்த்தை தவறு என்று அன்றிரவே தெரிந்துவிட்டது. அது எந்த இடத்தில் தவறு என்று கண்டுபிடிக்கத்தான் வருடங்கள் ஆயின.

அமெரிக்காவில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பதற்கு ஹோம்ஸ்கூலிங் என்று பெயர். 1970களில் பல மாநிலங்களில் இது சட்டத்துக்குப் புறம்பாகவோ சட்டத்தின் ஓரத்திலோ இருந்தது. 1993 வாக்கில் 50 மாநிலங்களிலும் சட்டம் இடம் கொடுத்துவிட்டது. அரசுக் கணக்குப்படி 1999இல் சுமார் எட்டரை லட்சம் பிள்ளைகள் இப்படிப் படித்தார்கள்; 2016இல் அது 17 லட்சத்தை ஒட்டி வந்தது. இதற்குள் வருகிறவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் அல்ல. பள்ளி என்ற அமைப்பே குழந்தையின் கற்கும் ஆசையைக் கொல்கிறது என்று எழுதிய ஜான் ஹோல்ட்டைப் படித்து வந்தவர்கள் உண்டு. பைபிளை மையமாக வைத்துப் பிள்ளை வளர்க்க விரும்புகிறவர்கள் நிறைய. வகுப்பறையில் தன் மகன் நடத்தப்படுகிற விதம் பொறுக்காமல் வெளியே கூட்டி வந்த கறுப்பினத் தாய்மார்களும் உண்டு. என்னைப் போல, மகள் வாய் திறந்து பேசுவதையே நிறுத்திவிட்டாள் என்பதால் ஓரிரு வருடம் வீட்டில் வைத்துப் பார்ப்போம் என்று வந்தவர்களும் உண்டு. எல்லா வீட்டிலும் பொதுவாக ஒன்றைப் பார்த்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது அநேகமாக அம்மா. வேலையை விட்டவள், அல்லது வேலையைப் பாதியாக்கிக்கொண்டவள்.

பழைய பாடநூல்கள் இந்த மேசைக்கு வந்து சேர்வதற்குக் காரணம் வெறும் பழமை மோகம் என்று நினைத்துவிடக் கூடாது. முதல் காரணம் காசு. அமெரிக்காவில் 95 ஆண்டு கடந்த நூலுக்குக் காப்புரிமை கிடையாது. மெக்கஃபியின் ரீடர்கள், ஹார்வியின் இலக்கண நூல், எம்மா செர்ல் என்ற கான்சஸ் சிட்டி ஆசிரியை 1911இல் வெளியிட்ட தொடக்கநிலை மொழிப்பாட நூல், எல்லாம் இணையத்தில் இலவசம். மறு அச்சும் மலிவு. இரண்டாவது காரணம் நேரம். செர்லின் பாடங்கள் சின்னச் சின்னதாக, குழந்தையிடமே நேராகப் பேசுகிற மாதிரி இருக்கும். ஒரு நாள் ஒரு படத்தைப் பார்த்துக் கதை சொல்ல வேண்டும், அடுத்த நாள் ஒரு பத்தியைப் பார்த்து எழுத வேண்டும், அதற்கடுத்த நாள் சொல்வதைக் கேட்டு எழுத வேண்டும், பிறகு ஒரு கடிதம். முந்தின இரவு உட்கார்ந்து தயாரிக்க வேண்டியதில்லை. அடுப்பில் பருப்பு வேகும்போது நடத்திவிடலாம். ஆசிரியப் பயிற்சி இல்லாத, இன்னொரு குழந்தையை இடுப்பில் வைத்திருக்கிற பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது அந்த இடத்தில் இருந்தால்தான் புரியும். பக்கத்து வீட்டு அம்மா ஒரு அட்டைப்பெட்டி நிறைய இவற்றைக் கொண்டுவந்து கொடுத்தபோது நான் கிட்டத்தட்ட அழுதுவிட்டேன்.

மூன்றாவது காரணம், இந்தப் புத்தகங்களின் மொழி உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. பள்ளியிலிருந்து அவள் கொண்டுவந்த தாள்களில் கோடிட்ட இடத்தை நிரப்புவதும் நான்கில் ஒன்றை வட்டமிடுவதும்தான் இருந்தன. மெக்கஃபியில் ஒரு வாக்கியம் மூன்று வரி ஓடும். துணைவாக்கியத்துக்குள் துணைவாக்கியம் வைத்து, கடைசியில் வினைச்சொல்லை இறக்கி வைக்கும். ஆறு மாதத்தில் என் மகள் எழுதுகிற வாக்கியங்கள் நீண்டன. "இருந்தபோதிலும்" என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் போட்டு அவளாகவே ஒரு வாக்கியம் எழுதிய நாள் இன்னும் ஞாபகம் இருக்கிறது. இதில் நமக்கு ஏளனம் வேண்டாம். 1930களில் வந்த ரென் அண்டு மார்ட்டினை வைத்துத்தானே தலைமுறை தலைமுறையாக ஆங்கில இலக்கணம் படித்தோம்?

ஆகவே, நல்ல மொழி. அந்த மொழிக்குள் துடைப்பம். மொழியை எடுத்துக்கொண்டு துடைப்பத்தைக் கழித்துவிட முடியுமா? இதுதான் கேள்வி. முடியும் என்று நம்பித்தான் "அர்த்தத்தை விடு, எழுத்தைப் பார்" என்றேன்.

வில்லியம் ஹோம்ஸ் மெக்கஃபி ஒஹாயோவில் மயாமிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது முதல் இரண்டு ரீடர்களைத் தொகுத்தார். 1836இல் சின்சினாட்டியில் அச்சாயின. அந்தப் பல்கலைக்கழகம் அன்று பெண்களைச் சேர்க்கவில்லை. மொத்தம் 12 கோடிப் பிரதிகள் விற்றிருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அமெரிக்கா படித்த புத்தகம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். முதல் ரீடர் வந்த அதே ஆண்டில் தெற்கு மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதே குற்றம். அந்தக் காலப் படிப்பு போல வருமா என்று ஏங்குகிறவர்கள், அந்தக் கால வகுப்பறையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்பதில்லை.

உள்ளே திறந்து பார்த்தால் ஒரு வேடிக்கை. அட்டையில் ஆண் பெயர். உள்ளே எழுதியிருப்பவர்களில் கணிசமானவர்கள் பெண்கள். ஆட்டுக்குட்டி வளர்த்த மேரியின் பாட்டு சாரா ஜோசஃபா ஹேல் எழுதியது. பெண்கல்விக்காக வாதாடிய இவர்தான், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்றும் சொன்னவர். மேட்டி என்ற துறுதுறுப்புச் சிறுமியின் கதைப்பாட்டு ஆன் டெய்லர் எழுதியது. பாட்டி வெளியே போன நேரத்தில் மேட்டி பாட்டியின் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டுகிறாள், பொடி டப்பாவைத் திறக்கிறாள். பொடி கண்ணிலும் மூக்கிலும் வாயிலும் ஏறுகிறது. தும்மித் தும்மித் துடிக்கிறாள், கண்ணாடி உடைகிறது, பாட்டி வந்து திட்டுகிறாள், இனி எதையும் தொடமாட்டேன் என்று மேட்டி திருந்துகிறாள்.

இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும்: ஃபெலிசியா ஹேமன்ஸ். எரிகிற கப்பலில், அப்பா சொன்ன இடத்தைவிட்டு நகராமல் நின்று உயிரை விடுகிற சிறுவனைப் பற்றி 1826இல் இவர் எழுதிய கவிதையை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பள்ளிப் பிள்ளைகள் சுமார் நூறு வருடம் மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். தந்தை சொல்லுக்குக் கீழ்ப்படிதலின் உச்சம். எழுதிய ஹேமன்ஸின் கணவர் 1818இலேயே வீட்டைவிட்டு இத்தாலிக்குப் போய்விட்டார். ஐந்து மகன்களை எழுதிச் சம்பாதித்தே வளர்த்தார் அந்தப் பெண். அப்பா இல்லாத வீட்டில் உட்கார்ந்து அப்பாவின் ஆணையைப் பாடியிருக்கிறார். அந்த முரண் எந்த ரீடரின் அடிக்குறிப்பிலும் வந்து நான் பார்த்ததில்லை. எது விற்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். ஐந்து வயிறு.

பழைய புத்தகம் என்றால் ஆணாதிக்கம், புதிய புத்தகம் வந்ததும் அது போய்விட்டது என்றும் சொல்வதற்கில்லை. 1972இல் நியூஜெர்சியில் பெண்கள் சிலர் சேர்ந்து அன்று பள்ளிகளில் இருந்த 134 ரீடர்களை, அவற்றின் 2,760 கதைகளை, எண்ணிப் பார்த்தார்கள். சிறுவர்களை மையமாகக் கொண்ட கதை ஐந்து என்றால் சிறுமிகளுடையது இரண்டு. அவர்கள் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பில் டிக், ஜேன் என்ற இரண்டு பெயர்கள் இருந்தன. அமெரிக்கப் பிள்ளைகளுக்கு 1930களிலிருந்து வாசிக்கக் கற்றுக்கொடுத்த பாடநூல் தொடரின் அண்ணன் தங்கை அவர்கள். இன்று வீடுகளில் நினைவுப்பொருளாகத் திரும்பி வருவதில் அந்தத் தொடரும் ஒன்று. வெள்ளை வீடு, வெள்ளைக் குடும்பம். கறுப்பினப் பிள்ளைகள் அந்தப் பக்கங்களுக்குள் வந்ததே 1965இல்தான். 1970இல் டோனி மாரிசன் தன் முதல் நாவலை அந்த வகைப் பாடத்தோடுதான் தொடங்கினார். முதலில் சரியாக, பிறகு நிறுத்தற்குறிகளை எடுத்துவிட்டு, பிறகு சொல்லிடைவெளிகளையும் எடுத்துவிட்டு, மூச்சுமுட்டும்படி. அதைப் படித்த பிறகு, பாடநூல் வாக்கியத்தில் மொழி வேறு, அதற்குள் இருக்கும் வீடு வேறு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அப்படியானால் என்ன செய்வது? பலரும் செய்வது, நானும் முதலில் செய்தது: தாண்டிவிடுவது. அது எனக்குத் தமிழில் உடைந்தது.

சனிக்கிழமைகளில் அதே மேசையில் தமிழ். என்னிடம் இருந்த பழைய பாடநூல் ஆத்திசூடி. அமெரிக்கப் பழமையைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த நான் இதை யோசிக்கவே இல்லை. தகர வரிசையில் பெண் சொல்லைக் கேட்காதே என்கிற ஒரு வரி இருக்கிறதல்லவா? பெண் பெயரில் வழங்கும் நூலில், பெண்கள் காலங்காலமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வரி. என் அம்மா மற்ற வரிகளுக்கு எந்தக் குரலோ அதே குரலில் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். நானும் அப்படியே ஒப்பித்தேன். மகளுக்குச் சொல்லும்போது சத்தமில்லாமல் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனேன். அவள் உயிர்மெய் வரிசையை அப்போதுதான் கற்றிருந்தாள். விரலை மடக்கிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"தே சொன்னே. அப்புறம் தொ சொல்றே. தை எங்கே?"

பல் விழுந்த இடம் மாதிரி அது தெரிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அப்போ ஔவையார் சொல்றதையும் கேக்கக் கூடாதா?" என்றாள்.

அந்த வரிக்கு உரை எழுதியவர்கள் அதன் கூர்மையை மழுக்கிப் பார்த்திருக்கிறார்கள்: மனைவி சொல்வதை ஆராயாமல் கேட்டு நடக்காதே என்று. பாரதி வேறு வேலை செய்தார். புதிய ஆத்திசூடியில் அதே தை எழுத்தில், அதே தையல் என்ற சொல்லை வைத்து, பெண்ணை உயர்த்து என்று எழுதினார். இடத்தைக் காலியாக விடவில்லை, பழைய சொல்லின் நாற்காலியிலேயே புதிய வாக்கியத்தை உட்கார வைத்தார். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனாலும் பழையதை மகளிடமிருந்து மறைத்துவிட்டுப் புதியதை மட்டும் கொடுத்திருந்தால் அவள் கேட்ட அந்தக் கேள்வி பிறந்திருக்காது. படிப்பதில் எனக்கு இப்போது பயமில்லை. துடைப்பம், மேட்டியின் தும்மல், தையல் எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்து, நடுவில் நிறுத்தி, சண்டை போடலாம். என் தவறு படிக்க வைத்ததில் இல்லை.

எழுத வைத்ததில் இருந்தது. பழைய முறையின் உயிர்நாடி பார்த்து எழுதுதல், சொல்வதை எழுதுதல், மனப்பாடம். இங்கிலாந்தில் ஷார்லட் மேசன் என்ற ஆசிரியை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வலியுறுத்தியதும் அதுதான்: சின்னதாக, குறையில்லாமல் எழுது, கேட்டதை உன் வாயால் திருப்பிச் சொல். ஹோம்ஸ்கூல் வீடுகளில் இன்று அவர் பெயர் வேதவாக்கு. நல்ல முறைதான், அதன் பலனைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் அந்த முறை வேலை செய்வதே, வாக்கியம் குழந்தையின் கை வழியாகவும் நாக்கு வழியாகவும் அவளுடையதாக மாறுவதால்தான். நீண்ட வாக்கியத்தின் வளைவு அவள் கைக்குள் போகும்போது அதன் சரக்கும் சேர்ந்துதான் போகிறது. எழுத்து மட்டும் உள்ளே போகும், பொருள் வெளியே நிற்கும் என்று நான் நினைத்தது, எழுத்தை வடிகட்டி என்று எண்ணிக்கொண்டதால்.

நம் ஊரில் படித்த யாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். இம்போசிஷன் எழுதாதவர்கள் யார்? வகுப்பில் பேச மாட்டேன் என்று நூறு முறை. வாத்தியாருக்கு நம் கையெழுத்து அழகாக வேண்டும் என்ற எண்ணமா? நம் கையாலேயே நம்மை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் தண்டனை. அதை அனுபவித்த நான் மகளிடம் அர்த்தத்தை விடு என்றேன்.

இங்கே வரை வந்து, ஒரு விதி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்: கெட்ட வாக்கியத்தைப் படிக்கலாம், பார்த்து எழுத வைக்கக் கூடாது. அதைக் கலைத்தது ஃபிரெடரிக் டக்ளஸின் சுயசரிதை.

டக்ளஸ் பால்டிமோரில் அடிமைச் சிறுவன். எஜமானி எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள், கணவன் தடுத்துவிட்டான். அதற்குப் பிறகு தெருவில் வெள்ளைச் சிறுவர்களிடமிருந்து, கப்பல் பட்டறை மரத்துண்டுகளில் எழுதியிருந்த எழுத்துகளிலிருந்து, திருட்டுத்தனமாகக் கற்றுக்கொண்டான். எஜமானரின் மகன் எழுதி முடித்துப் போட்டுவிட்ட பார்த்தெழுதும் நோட்டுகள் வீட்டில் கிடந்தன. வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், அந்தப் பையன் எழுதிய வரிகளுக்கு நடுவில் விட்டிருந்த இடத்தில், அவன் எழுதியதையே பார்த்து எழுதினான். சுமார் 12 வயதில் 50 சென்ட் கொடுத்து ஒரு பழைய பள்ளிப் புத்தகம் வாங்கினான்: கேலப் பிங்கம் 1797இல் வெளியிட்ட மேடைப்பேச்சுத் தொகுப்பு. அதில் எஜமானனிடம் வாதாடி விடுதலை பெறுகிற ஓர் அடிமையின் உரையாடல் இருந்தது. அதைத் திரும்பத் திரும்பப் படித்துத்தான் தன் எண்ணங்களுக்கு நாக்கு கிடைத்தது என்கிறார் டக்ளஸ். அந்தப் பிங்கம் பாஸ்டனில் பெண்களுக்குப் பள்ளி நடத்தியவர், பெண்களுக்கென்று இலக்கண நூல் எழுதியவர் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

எஜமானர் வீட்டு நோட்டையே பார்த்து எழுதியவன் அடிமை மனதைப் பெறவில்லை. ஏன்? யாரும் எழுதச் சொல்லவில்லை. எழுதக் கூடாது என்றார்கள். கை அவனுடையது, தேர்வும் அவனுடையது. ஆகவே குற்றம் வாக்கியத்தில் மட்டும் இல்லை, பார்த்து எழுதுவதிலும் இல்லை. எழுது என்று சொன்ன ஆளுக்கும் எழுதுகிற ஆளுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதில் இருக்கிறது.

அங்கேதான் ஹோம்ஸ்கூல் மேசை பள்ளிக்கூடத்தைவிட ஆபத்தான இடம் என்று எனக்குப் படுகிறது. பள்ளியில் ஒரு பெண்பிள்ளை வாத்தியார் சொன்னதை எழுதிவிட்டு, கடைசி பெஞ்சில் தோழியோடு சேர்ந்து அதைப் பழித்துக்காட்டிச் சிரிக்கலாம். மணி அடித்ததும் வெளியே வரலாம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மிஸ்ஸைப் பற்றிக் குறை சொல்லலாம். எங்கள் மேசையில் மிஸ்ஸும் அம்மாவும் ஒரே ஆள். சோறு போடுகிறவளிடமே எழுத மாட்டேன் என்று சொல்ல வேண்டும். எட்டு வயதில் பென்சிலைக் கீழே வைக்க எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்பதை நான் தாமதமாகத்தான் கணக்கிட்டேன். அதே மேசையில் பெண்ணியக் கவிதை ஒன்றை வைத்து இதை எழுது என்றிருந்தாலும் கணக்கு மாறாது. என் நல்ல வாக்கியத்தையும் அவளால் மறுக்க முடிந்திருக்க வேண்டும்.

அந்தப் பெட்டியிலிருந்த புத்தகங்கள் அவளுக்கு மட்டும் பாடம் நடத்தவில்லை, எனக்கும் நடத்தின. 1985இல் மேரி பிரைட் என்ற அமெரிக்கப் பெண், பெண்ணியத்தை மறுத்து வீட்டுக்குத் திரும்புங்கள் என்று ஒரு புத்தகம் எழுதினார். ஹோம்ஸ்கூல் உலகில் பெரிய பெயர். அவருக்கு நூறாண்டுக்கும் மேல் முன்பே கேத்தரின் பீச்சர், பள்ளியில் கற்பிப்பது பெண்ணின் தாய்மையினுடைய நீட்சி என்று வாதாடி, ஆயிரக்கணக்கான பெண்களுக்கு ஆசிரியை வேலைக்கு வழி திறந்தார். அந்த வாதத்தின் மறுபக்கம், ஆண்களைவிடக் குறைந்த சம்பளத்துக்குப் பெண்கள் வருவார்கள் என்பது. பிரைட் வேலையையும் எடுத்துவிட்டுத் தாய்மையை மட்டும் வைத்தார். நான் பிரைட்டைப் படித்து வீட்டுக்குத் திரும்பவில்லை. ஆனால் சம்பளமில்லாமல் காலை எட்டு மணிக்குப் பாடமும் பதினொரு மணிக்குக் குழம்பும் என்று ஓடிய அந்த இரண்டு வருடத்தில், அன்பை வேலையால் அளக்கிற அந்தக் கவிதை எனக்கு ஆறுதலாக இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை. ஃபேனை எனக்குப் பிடித்திருந்தது. நானே ஃபேன். அதனால்தான் மகள் ஜானைப் பற்றிக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. எங்கள் வீட்டு ஜான் அந்த நேரத்தில் அலுவலகத்தில் இருந்தார். அவரைத் திரும்பக் கூப்பிடுவது பற்றி நானும் யோசித்ததில்லை.

நியாயமாகப் பார்த்தால் அந்தக் கவிதை ஜானைப் புகழவில்லை, குத்திக்காட்டத்தான் செய்கிறது. பையனையும் பெண்ணையும் ஒரே அளவுகோலால் அளக்கிறது. ஆனால் குத்திக்காட்டிவிட்டு அவனை ஊஞ்சலிலேயே விட்டுவிடுகிறது. விறகை அம்மா தூக்குகிறாள். இதை மகள் கேட்டிருக்காவிட்டால் நான் பார்த்திருக்க மாட்டேன். ஆகவே அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள் என்றும் என்னால் யாருக்கும் சொல்ல முடியாது.

மன்னிப்புக் கேட்டேன். கேட்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. என் அம்மா என்னிடம் கேட்டதில்லை. அதன் பிறகு மீதமிருந்த ஒன்றரை வருடமும் எதைப் பார்த்து எழுதுவது என்பதை அவளே தேர்ந்தெடுத்தாள். புத்தகம் பழையதுதான். செர்லின் படப் பாடங்களும் தொடர்ந்தன. அவள் தேர்வு எப்போதும் எனக்குப் பிடித்ததாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு மாதம் முழுக்கக் கப்பல் விபத்துகள். ஒரு முறை, அடக்கமாக ஒளிந்து பூக்கிற ஊதாப்பூவைப் பற்றி ஜேன் டெய்லர் எழுதிய கவிதை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. பூ அழகாக இருக்கிறது என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

மேட்டியின் பாட்டை நோட்டில் எழுதப்போகிறேன் என்று ஒருநாள் வந்தாள். மூக்குக்கண்ணாடி, பொடி டப்பா, தும்மல், எல்லாவற்றையும் வட்ட வட்டமான கையெழுத்தில் எழுதினாள். தும்மல் வருகிற இடத்தில் ஓரத்தில் படமும் போட்டாள். மேட்டி திருந்துகிற கடைசிப் பத்தியை எழுதவில்லை. விட்டுப்போச்சே என்றேன்.

"தெரியும்மா. அது போர்."